புள்ளிக் கோடு

அவளுக்குச் சிலந்தி என்று பட்டப்பெயர் வைத்தவள் நான்தான். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை, பெயர் அவ்வளவு பொருத்தம். மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் சமையல்கூடத்துக்கும் சலவை அறைக்கும் நடுவே எங்கள் ஆவண அறை இருக்கிறது. இந்தப் பக்கம் வேகிற வாடை, அந்தப் பக்கம் சோப்பு வாடை, நடுவில் நாங்களும் எங்கள் பழைய தாள்களும். கேஸ் ஷீட்டுகளில் இருக்கும் துருப்பிடித்த பின்களைப் பிடுங்கி, தாள் தாளாக ஸ்கேன் செய்து, முக்கியமான சொற்களைத் தட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. ஏற்றியதை ஒரு டாக்டர் தேடினால் கிடைக்கும்படி செய்வது அவள் வேலை.

இதில் என்ன பெரிய வேலை இருக்கிறது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஒரு டாக்டர் மூச்சிறைப்பு என்று எழுதுவார், இன்னொருவர் மூச்சுத் திணறல் என்பார், நர்ஸ் குறிப்பில் ‘மாடி ஏற முடியவில்லை என்கிறார்’ என்று இருக்கும். எல்லாம் ஒரே தொல்லைதான். ஒரு சொல்லைத் தட்டினால் அந்தச் சொல் இருக்கிற தாள் மட்டும் வரும், மற்றதெல்லாம் உள்ளேயே தூங்கும். மேலே இருந்து போன் வரும். “என்னங்க, போன வருஷம் நானே பார்த்த கேஸ், அதைப் போய் இல்லங்கறீங்க?” வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கூட்டம் நாங்கள்.

சிலந்திக்கு வழி காட்டியது அவள் புருஷன். அவர் டவுன் பஸ் கண்டக்டர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அந்த வாய் அவருக்கு நாலு பேருக்குப் பங்கு வைக்கிற அளவு உண்டு. ஒருநாள் சாயங்காலம் இவள் அலுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் அவர் சொன்னாராம். “என் வண்டியில ஒருத்தர் தண்ணித் தொட்டிக்கு ஒரு டிக்கெட்ங்கறார். இன்னொருத்தர் பழைய தியேட்டர்ங்கறார். ஒரு அம்மா, எங்க அக்கா வீட்டு ஸ்டாப்புங்கறாங்க. மூணும் ஒரே ஸ்டாப்புதான். ஆனா டிக்கெட் மெஷின்ல இந்த மூணுமே கிடையாது, என் மண்டையில இருக்கு. உன் மெஷினுக்கு மண்டை இல்ல. நீதான் ஒண்ணு வரைஞ்சு குடுக்கணும்.”

மறுநாள் காலை பார்சல் சுற்றுகிற பழுப்புத் தாளை ஒரு சுருள் கொண்டுவந்து சுவர் முழுக்க ஒட்டினாள். வட்டம் வட்டமாகப் போட்டு உள்ளே ஒவ்வொரு நோய், ஒவ்வொரு வலி, ஒவ்வொரு மருந்து என்று எழுதி, வட்டத்துக்கு வட்டம் கோடு இழுத்தாள். ஒரு வாரத்தில் சுவர் தெரியவில்லை. அன்றைக்குத்தான் பெயர் வைத்தேன். வைத்த கையோடு கிண்டலும் செய்தேன்.

“என்னடி இது, முடி கொட்டுறதுக்கும் முட்டி வலிக்கும் கோடு போட்டிருக்க? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சா?”

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “தைராய்டு கேஸ் கட்டை எடுத்துப் பாருங்கக்கா. தலையும் இருக்கும், முழங்காலும் இருக்கும். முடிச்சு ஏற்கெனவே அங்கதான் இருக்கு, நான் போடல.”

எடுத்துப் பார்த்தேன். இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பழமொழியை நான் அந்த அறையில் சொல்வதில்லை.

கம்ப்யூட்டர் ஆட்கள் வந்து சுவரில் இருந்ததைத் திரைக்குள் ஏற்றினார்கள். இப்போது ஒரு சொல்லைத் தட்டினால் அது நடுவில் வட்டமாக விரியும், அதோடு உறவுள்ளதெல்லாம் சுற்றி வந்து நிற்கும். இரண்டும் சேர்ந்து வந்த கேஸ் ஷீட்டுகள் நிறைய இருந்தால் கோடு தடிமன், குறைவாக இருந்தால் மெல்லிசு. கோட்டைத் தொட்டால் அந்தத் தாள்கள் வரிசையாக வந்துவிடும். இந்தக் கோடுகளை மெஷினே எண்ணிப் போட்டுக்கொள்ளும்.

மெஷின் போடாத கோடு ஒன்று உண்டு. அதுதான் புள்ளிக் கோடு. தாளில் இருக்காது, ஆனால் உறவு இருக்கும் போலிருக்கிறது என்று சிலந்திக்குத் தோன்றினால் அவள் கையால் போடுவது. அதைத் தொட்டால் தாள் வராது, ‘சந்தேகம், பார்க்கவும்’ என்று மட்டும் வரும். ஒருமுறை ஆறாத இருமலுக்கும் புறா வளர்ப்புக்கும் அப்படி ஒன்று போட்டாள். நர்ஸ்கள் பேசிக்கொண்டதை வைத்துப் போட்டது. ஒரு டாக்டர் அதைத் தொட்டு, யோசித்து, மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருந்த ஆளிடம் வீட்டில் புறா இருக்கிறதா என்று கேட்டார். மாடி நிறைய இருந்தது. அதிலிருந்து மேலே இருப்பவர்களுக்குப் புள்ளிக் கோட்டின் மேல் தனி மரியாதை. அவள் தலைவலிக்கும் சீலிங் ஃபேனுக்கும் போட்ட கோட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான்தான் அவ்வப்போது ஞாபகப்படுத்துவேன்.

அவர்கள் வீட்டுக்கு நான் அடிக்கடி போவேன். வீட்டில் இரண்டே பேர். முன்னறை ஜன்னலோரம் ஒரு பஸ் சீட் கிடக்கும். பழைய வண்டி ஒன்றை உடைத்தபோது கண்டக்டர் டிப்போவில் கேட்டு வாங்கி வந்த இரட்டை சீட், கம்பியும் கிழிந்த ரெக்ஸினும் அப்படியே. வேலை முடிந்து வந்ததும் இருவரும் அதில்தான் டீயோடு உட்காருவார்கள். ஜன்னல் பக்கம் எப்போதும் அவளுக்கு. “நான் நாள் பூரா நின்னுக்கிட்டே வர்றவன், எனக்கு எந்தப் பக்கம்னாலும் சீட்டுதான்” என்பார். ஒரு நாள் நான் தெரியாமல் அவர் உட்காருகிற பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். “அக்கா, அது ஸ்டாஃப் சீட், எந்திரிங்க” என்று என்னை எழுப்பிவிட்டார்.

அந்த மனுஷனுக்கு முதலில் பசி போனது. பிறகு முதுகு வலித்தது. வண்டியில் நின்று நின்று வந்தது என்று நினைத்தோம். கண் மஞ்சளானபோதுதான் சிலந்தி அவரை இழுத்துக்கொண்டு வந்தாள். கணையத்தில் புற்று. ஈரல்வரை பரவியிருந்தது.

மூன்றாவது மாடி வார்டில் உள்வரிசையில் ஒரு கட்டில். எங்களுக்கெல்லாம் சின்ன டாக்டர் என்று தெரிந்த இளம் டாக்டர்தான் அவரைப் பார்த்துக்கொண்டார். பெரிய டாக்டர் காலையில் ஒரு சுற்று வந்து போவதோடு சரி. கண்டக்டர் பாதியாகிப் போனார். நான் போய் நின்றால், “கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பாயிடுச்சுக்கா, இனிமே எனக்கு அரை டிக்கெட் போதும்” என்பார். எனக்குச் சிரிப்பு வரும், கீழே வந்ததும் அழுகை வரும். சிலந்திக்கு இரண்டும் வரவில்லை. அவர் தலைமாட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் கொண்டுபோகிற டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை சின்ன டாக்டர் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னார். இனி செய்ய ஒன்றுமில்லை, வலிக்கு மருந்து தருகிறோம், வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறோம், வீட்டுக்கே நர்ஸ் வந்து பார்ப்பார். கண்டக்டர் அவள் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு, “வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு டாக்டர்? எனக்கு எங்க வீட்டு சீட்ல போய் உக்காரணும், அது போதும்” என்றார். சின்ன டாக்டர் அதையும் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் அவள் கீழே வந்தாள். நான் சாப்பிடப் போயிருந்தேன். நடந்ததைப் பிறகு அவளே சொன்னாள். திரையில் வரைபடத்தைத் திறந்து, பரவிய கணையப் புற்று என்ற வட்டத்தை நடுவில் கொண்டுவந்தாளாம். காமாலைக்கு ஒரு கோடு, எடைக் குறைவுக்கு ஒன்று, முதுகு வலிக்கு ஒன்று. எல்லாம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் வலி தணிப்பு என்கிற சாம்பல் நிற வட்டத்தில் போய்ச் சேருகின்றன. வலது மூலையில் ‘முழுவதும் குணமானவர்’ என்று ஒரு பெரிய வட்டம். மற்ற நோய்களிலிருந்து அதற்கு எத்தனையோ கோடுகள். இதிலிருந்து மட்டும் ஒன்றும் இல்லை. நடுவே ஒரு கை அகலத்துக்கு வெறும் வெள்ளை.

அந்த வெள்ளையை அவளால் பார்க்க முடியவில்லை. ஒரு புள்ளிக் கோடு போட்டாள். சும்மா, இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க. பார்த்துவிட்டு அழித்துவிடலாம் என்றுதான். அதற்குள் வார்டிலிருந்து போன், அவர் வாந்தி எடுக்கிறார் என்று. எழுந்து ஓடினாள். கோடு அங்கேயே நின்றது.

வியாழக்கிழமை நான் டிபன் பாக்ஸோடு வார்டில் இருந்தேன். சின்ன டாக்டர் மாடிப்படியில் ஓடி வந்தவர் போல மூச்சு வாங்க வந்து நின்றார்.

“ஒரு விஷயம் சொல்லணும். நம்ம ஆவணத் தேடல்ல ஒரு வரைபடம் இருக்கு. நேத்து சாயங்காலம் சும்மா உங்க கேஸைப் போட்டுப் பார்த்தேன். குணமானவங்க பக்கம் ஒரு புள்ளிக் கோடு போகுது! இந்த நோய்க்கு அப்படி ஒரு கோட்டை இதுக்கு முன்னாடி நான் பார்த்ததே இல்ல. யாரோ எதையோ பார்த்திருக்காங்க. வேணாம்னு ஒதுக்கி வெச்ச ஒரு மருந்து இருக்கு, கொஞ்சம் கடுமையானது. நீங்க சரின்னா, வீட்டுக்குப் போறதைத் தள்ளி வெச்சுட்டு அதை முயற்சி பண்ணிப் பார்க்கலாம்.”

சிலந்தி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் தெரியாது. நிஜமாகவே ஏதோ கண்டுபிடித்துவிட்டாள் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

கண்டக்டர் தலையணையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். “புள்ளிக் கோடா? அது இவ போட்டதா இருக்கும் டாக்டர். அந்தப் படமே இவ வரைஞ்சதுதான்.”

சின்ன டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். அவள் ஆவண அறையில் வேலை பார்க்கிறாள் என்பது அவருக்குத் தெரியும், இது தெரியாது. “நீங்களா? எந்தக் கேஸ் ஷீட்டைப் பார்த்துப் போட்டீங்க?”

அவள் கட்டில் காலைப் பார்த்தாள். “தேடி எடுக்கணும் டாக்டர்” என்றாள்.

“எடுங்க, எடுங்க” என்றார் அவர். கேஸ் ஷீட்டைப் பிரித்து, வெள்ளிக்கிழமை என்று எழுதியிருந்ததை ஒரே கோடாக அடித்தார். கண்டக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “போய்த் தேடு போ” என்றார். “மருந்து ஏத்தட்டும், நான் எங்க போகப் போறேன்?”

மாடிப்படியில் இறங்கும்போது எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த டிபன் பாக்ஸைப் படியிலேயே வைத்தேன்.

“அறிவிருக்கா உனக்கு? திரும்பிப் போ. இப்பவே போய்ச் சொல்லு.”

“எழுந்து உக்காந்தாருக்கா. நீங்களும் பார்த்தீங்கல்ல? எத்தனை நாள் கழிச்சு எழுந்து உக்காந்தாரு.”

“உக்காரட்டும். வீட்டுல போய் உக்காரட்டும். அவர் கேட்டது அதுதான?”

“ஒண்ணே ஒண்ணு கிடைச்சா போதும். ஒரே ஒரு ஆள் பிழைச்ச தாள் கிடைச்சா, அந்தக் கோடு பொய் இல்லன்னு ஆயிடும்.” படியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். “கிடைக்காதுன்னு சொல்லாதீங்கக்கா.”

நான் சொல்லவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு போய் டாக்டர் முன்னால் நிறுத்தியிருக்கலாம், செய்யவில்லை. என் கோபமெல்லாம் வாயோடு சரி.

தேடினோம். திரையில் இருந்ததையெல்லாம் முதலில் முடித்தாள். அந்த வட்டத்தில் இருந்த ஒவ்வொரு கேஸ் ஷீட்டையும் திறந்து கடைசித் தாளுக்குப் போவாள். கடைசித் தாளில் என்ன இருக்கும் என்று எங்கள் அறையில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். மூடுவாள், அடுத்ததைத் திறப்பாள். பிறகு பின்னறையில் இன்னும் ஸ்கேன் ஆகாமல் கிடந்த கட்டுகளை நான் அவிழ்த்துக் கொடுத்தேன். ஒரு தையற்காரர், ஒரு டீச்சர், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு பெண். ஞாயிற்றுக்கிழமையும் சாவி வாங்கித் திறந்து உட்கார்ந்தோம். சலவை அறை மெஷின்கள்கூட அன்றைக்கு ஓடவில்லை. தாள் திருப்புகிற சத்தம் மட்டும்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த நாட்களில் அவள் சாப்பிட்டாள். திரையைப் பார்த்துக்கொண்டே, என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாமல், நான் வைத்ததையெல்லாம் சாப்பிட்டாள். அவளோடு வார்டுக்குப் போகும்போது கண்டக்டர் என்னைத்தான் கேட்பார். “சாப்பிட்டாளா அக்கா?”

“தட்டைக் கழுவ வேண்டிய அவசியமே இல்ல, அவ்வளவு சுத்தமா சாப்பிட்டா” என்பேன். அவர் தலையை ஆட்டிக்கொள்வார். அவர் கையில் அந்த மருந்து ஏறிக்கொண்டிருக்கும். பக்கத்தில் வாந்திக் கிண்ணம். உதடெல்லாம் புண். பேச்சு குறைந்துவிட்டது. நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டு, “ரொம்ப வாட்டுதுக்கா அந்த மருந்து, கலகலன்னு பேசிக்கிட்டிருந்த மனுஷன்” என்றாள்.

திங்கட்கிழமை ஒரு பழைய கட்டைப் பிரித்தபோது அவள் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கணையப் புற்று, பரவியது. அடுத்தடுத்த வருஷங்களில் அதே ஆள் வேறு வேறு காரணத்துக்கு வந்து போயிருக்கிறார், கை முறிவு, கண் புரை. “அக்கா, ஆள் இருக்காரு! இத்தனை வருஷம் கழிச்சும் இருக்காரு!” அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. நான் கட்டின் மீதித் தாள்களைப் புரட்டினேன். நடுவே ஒட்டிக்கொண்டிருந்த சதைப் பரிசோதனை முடிவு இருந்தது. புற்று இல்லை, வெறும் வீக்கம், முதலில் எழுதியது தவறு. நான் அதைப் படித்துக் காட்டவில்லை, அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவள் படித்தாள். நின்றபடியே இருந்தாள். பிறகு தன் இடத்தில் போய் உட்கார்ந்து, அந்தப் புள்ளிக் கோட்டை அழித்தாள். ‘நிச்சயமாக அழிக்கவா’ என்று மெஷின் கேட்டது. ஆமாம் என்று தட்டினாள்.

மறுநாள் காலை முதலில் சின்ன டாக்டரிடம் சொன்னாள், வராந்தாவில் வைத்து. நான் கூட நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். “நானும் தாள் வரட்டும்னு காத்திருக்கணும்” என்றார் கடைசியில். “மருந்தை நிறுத்திடறேன். அவர்கிட்ட நான் சொல்லட்டுமா?”

“நானே சொல்றேன்.”

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அவர் கண்ணைத் திறந்தார்.

“என்னங்க, அந்தக் கோடு… அதுக்குத் தாள் ஒண்ணும் இல்லங்க. நான் சும்மா போட்டேன். அந்த வெத்து இடத்தை என்னால பார்க்க முடியல. போட்டுட்டு, அழிக்க மறந்துட்டேன்.”

“தெரியும்” என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள்.

“அன்னிக்கு டாக்டர் கேட்டப்பவே தெரியும். நீ கட்டில் காலைப் பார்த்தியே. டிக்கெட் எடுக்காத ஆளு எங்க பார்ப்பான்னு எனக்குத் தெரியாதா? எத்தனை வருஷம் பார்த்திருக்கேன்.” நிறுத்தி நிறுத்தித்தான் பேச முடிந்தது.

“அப்புறம் ஏங்க மருந்துக்குச் சரின்னீங்க? வீட்டுக்குப் போயிருக்கலாமே! அன்னிக்கே போயிருக்கலாமே!”

“நீ தேடப் போனியே. ஒரு மாசமா இந்த ஸ்டூல்ல சுவரையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்த. அன்னிக்குத்தான் எழுந்து போன. நீ சாப்பிடறதா அக்கா வேற சொன்னாங்க.” உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். “சரி, தேடிக்கிட்டு இருக்கட்டும்னு இருந்தேன்.”

அவள் அவர் வயிற்றோரம் முகத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்கு அந்த இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அவருக்காக என்று இவள் வாயை மூடிக்கொண்டாள். இவளுக்காக என்று அவர் வாயை மூடிக்கொண்டார். நடுவே நான் வேறு, சாப்பிட்டாள் சாப்பிட்டாள் என்று தினமும் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

“இப்ப போலாமா வீட்டுக்கு?” என்று கேட்டார் அவர்.

போக முடியவில்லை. அன்று சாயங்காலமே காய்ச்சல் ஏறிவிட்டது. மருந்து அவர் உடம்பில் எதிர்க்கிற சக்தியையெல்லாம் துடைத்துவிட்டிருந்தது. வண்டியில் ஏற்றினால் வழி தாங்காது என்றார் பெரிய டாக்டர். கண்டக்டருக்கு வண்டி வழி தாங்காதாம். இதைக் கேட்டு அவர் சிரித்திருப்பார், கேட்கிற நிலையில் இல்லை.

மறுநாள் நர்ஸ் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவரிடம் பேசி இடம் மாற்றிக் கொடுத்தாள். கட்டிலைச் சக்கரத்தோடு தள்ளி ஜன்னலுக்குக் கீழே நிறுத்தினோம். கீழே பஸ் ஸ்டாப் தெரியும், நிற்கிற ஆட்களின் தலை தெரியும். சிலந்தி ஸ்டூலை இந்தப் பக்கம் போட்டாள். அவர் கண்ணைத் திறந்து பார்த்து, கையை மெதுவாக அசைத்தார். எங்களுக்குப் புரியவில்லை. மறுபடி அசைத்தார். ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு ஆள் ஒடுங்கி உட்காருகிற இடம் இருந்தது. “நீ அந்தப் பக்கம்” என்றார். அவள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். வியாழக்கிழமை மத்தியானம், அவள் அங்கே இருக்கும்போதுதான் அவர் போனார்.

இறந்தவர்களின் கேஸ் ஷீட் கீழே எங்களிடம் வரும். அவருடையதும் வந்தது. அவள் லீவு முடிந்து வருவதற்குள் நான் முடித்துவிட நினைத்தேன், கை வரவில்லை. வந்த அன்று அவளே அதை எடுத்து என் மேஜையில் வைத்து, “பின்னை எடுங்கக்கா” என்றாள். எடுத்தேன். ஒவ்வொரு தாளாக ஸ்கேன் செய்தேன். காமாலை, எடைக் குறைவு, முதுகு வலி, எல்லா வட்டத்திலும் அவர் ஒரு ஆளாகச் சேர்ந்தார். சாம்பல் வட்டத்துக்குப் போகிற கோடு கொஞ்சம் தடித்தது.

“இன்னொரு வட்டம் வேணும்” என்றாள். ‘வீட்டுக்குப் போக வேண்டும் என்றவர்’ என்று தட்டினாள். ஆனால் ஒரே ஒரு தாளுக்கு வட்டம் திரையில் வராது, குறைந்தது இரண்டு வேண்டும். அந்த விதியைப் போட்டவளும் அவள்தான். இன்னொன்று கிடைக்குமா என்று பழைய நர்ஸ் குறிப்புகளைப் புரட்டினோம். முதல் கட்டுக்குள்ளேயே இருந்தது. அதே கட்டுக்குள் இன்னொன்று. ‘வீட்டுக்குப் போகணும் என்று அழுகிறார்.’ ‘வீட்டை ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறார்.’ ‘எப்போது அனுப்புவீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்.’ அந்தத் தையற்காரர் கேட்டிருக்கிறார். அந்த டீச்சர் கேட்டிருக்கிறார். பிழைத்தவர்களைத் தேடிய அவசரத்தில் இதே தாள்களை அப்போது நாங்கள் தள்ளிவிட்டுக் கடைசித் தாளுக்குப் போயிருக்கிறோம். இத்தனை வருஷமாக இவற்றை ஸ்கேன் செய்த எனக்கும் இது ஒரு சொல்லாகவே தோன்றியதில்லை. நோய் இல்லை, மருந்து இல்லை என்று விட்டுவிட்டிருக்கிறேன்.

அவள் மத்தியானங்களில் அதையே செய்தாள். மெஷின் எண்ணி எண்ணி அந்த வட்டத்துக்குப் போகிற கோட்டைத் தடிப்பாக்கியது. புள்ளி இல்லை, முழுக் கோடு. ஒருநாள் சின்ன டாக்டர் கீழே இறங்கி வந்தார். எங்கள் அறைக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. யாரையும் நேராகப் பார்க்காமல் திரைக்குப் பக்கத்தில் நின்றார்.

“மேலே ஒரு அம்மா கேஸைப் போட்டுப் பார்த்தேன். புதுசா ஒரு வட்டம் வருது. வீட்டுக்குப் போகணும்னு. தாளும் நிறைய வருது.” பிறகு கவனமாக, கேட்டே ஆக வேண்டும் என்பது போலக் கேட்டார். “முதல்ல எந்தக் கேஸ் ஷீட்டைப் பார்த்துப் போட்டீங்க?”

அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து அந்தக் கட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். மேலேயே பெயர் இருந்தது. அவர் அதைத் திறக்கவில்லை.

“வெள்ளிக்கிழமைன்னு எழுதினதும் நீங்கதான், அடிச்சதும் நீங்கதான் டாக்டர்” என்றாள். “அடிக்க வெச்சது நான். அந்தம்மாகிட்ட எங்க இருக்கணும்னு இன்னிக்கே கேட்டுடுங்க.”